வாடகைக்கு வயதாகாது

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு ஓடும் நேரம் பார்த்துத்தான் மேல்மாடியில் லோஜினி கதிரையை இழுத்துப் போடுவாள். ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் பிளேன்டீயோடு பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "அக்கா, கொட எடுத்தீங்களா? மழ வரும்போல இருக்கு" என்பாள். எங்கேயும் போக வேண்டியில்லாதவளுக்குத்தான் அடுத்தவளின் குடையைப் பற்றி யோசிக்க நேரமிருக்கும். நான் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பேன். பதில் சொல்லாமல் படியிறங்கிப் போய்விடுவேன்.

லோஜினி என் ஓரகத்தி. என் கணவர் சந்திரகுமாரின் தம்பி ரமேஸின் மனைவி. ரமேஸ் கட்டாரில் வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன், பெட்டியில்தான் வந்தான். அது நடந்து நான்கு வருஷமாகிறது. ஆகவே லோஜினியைப் பற்றி எனக்குள் எரிகிற எதையும் நான் வெளியே சொல்ல முடியாது. விதவையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் உண்டா என்று கேட்டால், எங்கள் மஹய்யாவயில் ஒருத்தி இருக்கிறாள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், புருஷன் உயிரோடு இருக்கிறவள், பெயர் கலாராணி டீச்சர்.

ஏன் எரியாது? எனக்குத் தெரிந்து அவள் ஒரு நாள் வேலைக்குப் போனதில்லை. ஒரு பள்ளிக்கூட அதிபரிடம் ஏச்சு வாங்கியதில்லை. நாற்பது பிள்ளைகளின் சத்தத்தைத் தலைக்குள் சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றபடி வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் இரண்டு மாடி வீடு அவள் பெயரில் இருக்கிறது. நான் அந்த வீட்டின் கீழ்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆசைப்பட்டு அல்ல. ரமேஸின் கருமாதி அன்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பன்விலையிலிருந்து வந்த என் கணவரின் அத்தை பாப்பம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "சின்னஞ்சிறுசு, கையில ஒரு பொம்பளப் புள்ள. தனியா விட முடியுமா? பெரியவனே, நீ எப்புடியும் வாடக வீட்லதானே கெடக்குற. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்து கீழ இரு. தொணையாவும் இருக்கும்." வாடகை என்ற பேச்சு வந்தபோது அவளே கையை வீசினாள். "சொந்தத்துக்குள்ள என்னடி வாடக?" லோஜினியும் தலை நிமிராமல், "வாடகையெல்லாம் வேணாங்க்கா" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வது சுலபம். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? கொழுந்தன் செத்த வீட்டில் ஓசியில் குந்திக்கொண்டாள் டீச்சர் என்று சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் நான் அக்கம்பக்கத்தில் விசாரித்து, வெளியாள் கொடுக்கும் வாடகையில் ஒரு ரூபாயும் குறையாமல், என் சம்பளக் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு மாதா மாதம் தானாகவே போகும்படி வங்கியில் ஸ்டேண்டிங் ஓர்டர் போட்டேன். கையில் கொடுத்தால் நாளைக்கு மறந்துபோகும். வங்கியில் போனால் சாட்சி இருக்கும். "எதுக்குக்கா இப்புடி வித்தியாசமா?" என்று கேட்டாள் லோஜினி. "கணக்குன்னா கணக்கா இருக்கணும்" என்றேன். சம்பள நாளில் பணம் போன செய்தி என் போனில் வந்து விழும்போதெல்லாம் என் கழுத்து ஒரு விரற்கடை நிமிரும்.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷத்தில்கூட அந்த வாடகை பிந்தவில்லை. என் கணவர் ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஹார்ட்வெயார் கடையில் அப்போது பாதிச் சம்பளம்தான். ஒரு மாதம் என் வளையலை அடகு வைத்து வாடகைக்கு ஈடுகட்டினேன். சோறும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம். மேலே பால்கனியில் அவள் வழக்கம்போலப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். "இந்த மாசம் விடுங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைக்காகவே நான் பட்டினி கிடந்தாவது கட்டியிருப்பேன்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. போன வருஷம் டவுனில் உள்ள வங்கிக்குப் போய் வீட்டுக் கடன் கேட்டேன். கடன் பிரிவில் இருந்த இல்ஹாம் நல்ல பையன். மரியாதையாகக் கதிரை போட்டு உட்கார வைத்துத்தான் இல்லையென்று சொன்னான்.

"டீச்சர், ஒங்கட சம்பளத்துல ஏற்கனவே இடர்க்கடன் வெட்டுப்படுது. மத்தது, நீங்க ரிட்டையர் ஆகுறதுக்கு இன்னம் கொஞ்ச வருஷந்தானே ஈக்கிது. அதுக்குள்ள கட்டி முடிக்கிறதெண்டா மாசத் தவண ஒங்கட முழுச் சம்பளத்த விடக் கூட வரும்."

அரசாங்க ஊழியருக்கென்று தரும் அந்த இடர்க்கடனை வாங்கியது என் கணவரின் இருதய ஒப்பரேஷனுக்கு. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் வங்கி அழுமா? குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு வீடு என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் கீழ்மாடிச் சமையலறையில் நிற்கும்போதெல்லாம் அந்த ஆசை வந்து நிற்கும். அந்தச் சமையலறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. திறந்தால் ஒரு முழம் தள்ளி, மண் சரியாமலிருக்கக் கட்டிய கொங்கிரீட் சுவர். மழை நாளில் அதில் பாசி வழியும். நான்கு வருஷமாக நான் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பருப்புத் தாளிக்கிறேன்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை லோஜினி கீழே இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கட்டுகஸ்தோட்டையில ஒரு வீடு பாத்திருக்கேன். மக்கீன் ஹாஜியார்னு ஒருத்தர் விக்கிறாரு. சின்ன வீடுதான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வாங்கி வாடகைக்கு விடலாம்னு. பாப்பா படிப்புக்கு ஒதவும்ல."

"காசு?"

"ரமேஸ் கம்பெனியில குடுத்தது கொஞ்சம் இருக்கு. மிச்சத்துக்கு பேங்க்ல லோன் கேட்டேன். அனேகமா தருவாங்கபோல இருக்கு."

"ஒனக்கா? சம்பளம் இல்லாத ஒனக்கு எத வச்சு லோன் தாராங்க?"

"அதான் எனக்கும் தெரியலக்கா. இந்த வீட்ட ஈடு வைக்கணுமாம். வேற என்னமோ சொன்னாங்க, வெளங்கல. நீங்களும் ஒருவாட்டி வரணுமாம். அதுக்கு முன்னாடி வீட்டப் பாத்துட்டு நல்லாருக்கான்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொறாமைக்குக் கண் பெரிது. பார்க்காமல் இருக்க அதனால் முடியாது. பாலத்தைக் கடந்து, கடைத்தெருவைத் தாண்டி, ஒரு ஒழுங்கைக்குள் கூட்டிப்போனாள். இரண்டு அறை, ஒரு விறாந்தை. தரை ஓரத்தில் இரண்டு ஓடு உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. பிறகு சமையலறைக்குள் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. வாழைமரங்களுக்கு அப்பால் மகாவலி ஒரு துண்டு தெரிந்தது. கலங்கல் தண்ணீர்தான், ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. காற்று முகத்தில் அடித்தது.

"எப்புடிக்கா?"

"ஓடு ஒடஞ்சிருக்கு" என்றேன்.

அடுத்த வாரம் வங்கிக்குப் போனோம். அதே இல்ஹாம், அதே கதிரை. லோஜினி கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் நேராகவே கேட்டேன்.

"தம்பி, இவளுக்குச் சம்பளம் இல்ல. தொழில் இல்ல. எப்புடி லோன் குடுக்குறீங்க?"

"சம்பளம்தான் வேணுமெண்டு இல்ல டீச்சர். மாசா மாசம் ஒழுங்கா வார வருமானம் எண்டா சரி. மெடத்துக்கு வாடக வருதுதானே? வாங்கப்போற வீட்டுக்கும் இவ்வளவு வாடக வருமெண்டு மதிப்பீட்டாளர் எழுதித் தந்திருக்கார்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மெடத்துட வீட்டு ரோட்டுப் பக்கத்து அறையில போன்கட வச்சீக்கிற ஃபாஸில் நானா குடுக்குற வாடகய நாங்க கணக்குலயே எடுக்கல்ல. அவர் தந்தா தருவார், இல்லாட்டி இல்ல. ஆனா கீழ்வீட்டு வாடக ஈக்கிதே, அதுதான் விசயம். நாலு வருஷம். ஒரு மாசம் பிந்தல்ல. கேஸ் இல்லாத காலத்துலயும் பிந்தல்ல. எங்கட மெனேஜரே கேட்டார், யார் இந்த வாடகக்காரர், தங்கமா ஈக்கிறாரே எண்டு."

அந்தத் தங்கம் நான்தான். என் சம்பளம் எனக்கு ஒரு வீடு தராது. அதே சம்பளம் என் கையைவிட்டு இவள் கணக்கில் போய் விழுந்தால் அது வருமானம், அதற்கு வீடு கிடைக்கும். யார் வாயையோ மூடுவதற்கென்று நான் வளையலை வைத்துக் கட்டிய காசு, மாதம் மாதமாக இவளுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"அதே காசு என்கிட்ட இருந்தப்போ ஏன் தம்பி தரல்ல?"

இல்ஹாம் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "டீச்சர் ரிட்டையர் ஆகுவீங்க. வாடகைக்கு வயசாகாதே."

பிறகு விஷயத்துக்கு வந்தான். இன்னும் இரண்டு வருஷத்துக்கு நான் அந்தக் கீழ்வீட்டிலேயே இருப்பேன், வாடகை தருவேன் என்று நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் வீட்ட விட்டுட்டுப் போறேன்னா?"

"அப்ப மெடத்துக்குக் காட்டுறதுக்கு வருமானம் இல்ல. லோனும் வராது."

லோஜினி என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான்கு வருஷத்தில் அவளால் எனக்குக் கிடைத்த முதல் குளிர்ச்சி அதுதான்.

அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்டதும் வேறு வீடு தேடினேன். தரகர் மஹ்ரூப் அம்பிட்டியவில் ஒன்று காட்டினார். ஒரு வருஷ முற்பணம் கேட்டார்கள். பேராதெனியப் பக்கம் ஒன்று காட்டினார். அது கம்பஸ் பிள்ளைகளுக்குத்தானாம், குடும்பத்துக்குக் கொடுக்க மாட்டார்களாம். அப்படியும் நான் விடவில்லை. நடந்து நடந்து முழங்கால் வீங்கியது. என் கணவர் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன் கலா. ஒனக்கு என்ன நட்டம்? எப்புடியும் இங்கதானே இருக்கப்போறோம்."

"ஒங்க தம்பி பொண்டாட்டிக்கு நான் எதுக்கு வீடு வாங்கிக் குடுக்கணும்?"

"நீயா வாங்கிக் குடுக்குற?"

"பின்ன யாரு?"

அவருக்குப் புரியவில்லை. ஆம்பளைகளுக்கு இது புரியாது. அண்ணன் தம்பி சண்டை காணி எல்லையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். ஓரகத்திகளின் எல்லை எங்கே ஓடுகிறது என்று ஓரகத்திகளுக்கு மட்டும்தான் தெரியும்.

லோஜினி இரண்டு நாள் பால்கனிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பன்விலையிலிருந்து பாப்பம்மா அத்தையின் போன் வந்தது. அந்தக் கிழவி போனில் பேசினால் அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே கேட்கும்.

"ஏண்டி கலா, சின்னவளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னியாமே? வயித்தெரிச்சலான்னு கேக்குறாங்க."

"யாரு கேட்டா?"

"கேக்குறதுக்கு ஆளா பஞ்சம்? நானே கேக்குறேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? தாலியறுத்தவ ரெண்டு காசு பாத்தா ஒனக்கு ஏன் பொறுக்கல?"

"யாரு பொறுக்கலன்னது? எனக்கு ஸ்கூல்ல பரீட்ச வேல. நாளைக்கே போடுறேன்."

மறுநாளே போட்டேன். விருப்பத்துக்கு அல்ல, பொறாமை என்று சொல்லிவிடுவார்களே என்ற ஒரே காரணத்துக்காக. நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த நொத்தாரிசு அலுவலகத்துக்கு ஆசிரியர் தின விழாவுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். சிரித்த முகத்தோடு, என் சொந்தப் பேனாவால், எழுத்துச் சிதையாமல் போட்டேன். லோஜினி வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "அக்கா, இத மறக்கவே மாட்டேன்" என்றாள். நானும் மறக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். கடன் வந்தது, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப்பட்டது, வீடு அவள் பெயருக்கு மாறியது. இரண்டு வீட்டுக்காரியானாள்.

பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாளே பாப்பம்மா வந்து இறங்கிவிட்டாள். வந்ததும் என்னைத்தான் தேடினாள்.

"பால் நீதான் காய்ச்சணும். அவ அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாது. சுமங்கலிக் கை வேணும்."

கேட்டதும் எனக்கு இனித்தது. இதையும் ஒளிக்கப்போவதில்லை. அவளுக்கு இருக்கிற அத்தனையிலும் ஒன்று இல்லை; அது என் கழுத்தில் இருக்கிறது. அன்று காலையில் தாலிக்கொடிக்கு மஞ்சள் பூசினேன். கண்ணாடி முன் நின்று பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். மருந்துக் குளிசைகளை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்த என் கணவர், "என்ன, கல்யாணமா?" என்றார்.

சின்ன வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. சொந்தக்காரர்கள், மஹய்யாவ அயலவர்கள், போன்கடை ஃபாஸில், வீட்டை விற்ற மக்கீன் ஹாஜியார். அவர் மனைவி ஆஸியா உம்மா பக்கத்து வீட்டுக்காரி. ஒரு தட்டு வட்டலப்பத்தோடு வந்து சமையலறை வாசலில் நின்றார். புது அடுப்பில் மஞ்சள் கட்டிய புதுப் பானை இருந்தது. உடைந்த இரண்டு ஓடும் மாற்றப்பட்டிருந்தது.

லோஜினியைக் காணவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்கம், குழாயடியில், தன் வீட்டுப் பால் பொங்குவதைப் பார்க்க வராமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே போயிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாழைமரம், அதற்குப் பின்னால் அந்த ஆற்றுத் துண்டு. ஆறு வெயிலில் மினுங்கியது.

பாப்பம்மா தீப்பெட்டியை என் கையில் வைத்தாள். "பத்த வை தாயி. கெழக்கால பொங்கணும்."

குச்சியை எடுத்தேன். அந்த ஜன்னலில் இருந்து வந்த காற்று என் முகத்தில் அடித்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என் வாடகையைக் காட்டிக் கடன் வாங்கினாள். என் கையெழுத்தைக் காட்டி வீடு வாங்கினாள். இப்போது என் தாலியையும் கொண்டுவந்து இந்த அடுப்படியில் வைத்து, இவளுடைய பாலைப் பொங்க வைக்கப் போகிறேனா? இந்த ஜன்னலுக்கு முன்னால்? என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் இவளுக்குக் கொடுக்க முடியாது. செத்தாலும் முடியாது.

தீப்பெட்டியைப் பானைக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தேன்.

"நான் பத்த வைக்க மாட்டேன்."

பாப்பம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காரணம் ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்கு வந்தது இதுதான். "இது அவ வீடு. அவ கடன். அவளே பத்த வைக்கட்டும்."

கோபத்தில் சொன்னேன். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவர்கள் வேறு எதுவாகவோ எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஆஸியா உம்மாதான் வாயைத் திறந்தார். "மாஷா அல்லாஹ், டீச்சர்ட மனசப் பாருங்க." யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். என் கணவர் என்னை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். "அதானே, காலம் மாறிப்போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாப்பம்மா மட்டும், "ஆகாதுடி, ஆகாது" என்று முனகினாள். ஆனால் அதற்குள் இரண்டு மூன்று பேர் குழாயடிக்கு ஓடிவிட்டார்கள்.

லோஜினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். வாசற்படியில் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் ஒதுங்கி நின்றேன், வேறென்ன செய்வது? முதல் குச்சி அவள் கையில் உடைந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவதில் அடுப்புப் பற்றியது. நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன்: மேற்கே போகட்டும். ஒரு சொட்டாவது மேற்கே போகட்டும்.

பால் பொங்கி, நேராகக் கிழக்கே வழிந்தது. பாப்பம்மாவே குலவை போட்டுவிட்டாள்.

அதன் பிறகு அன்று நான்தான் மாப்பிள்ளை மாதிரி. ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தார்கள். "பெரிய மனசு டீச்சர் ஒங்களுக்கு" என்றார் மக்கீன் ஹாஜியார். ஃபாஸில் என்னைப் படம் பிடித்தான். நான் எரிச்சலில் எதைச் செய்தாலும் அது அவள் வீட்டு வாசலில் போய் வரமாக விழுகிறது. இப்படி ஒரு பொறாமையை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வது?

ஆட்கள் விறாந்தையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் தப்பித்துச் சமையலறைக்குள் வந்து, ஜன்னலண்டை நின்றேன். லோஜினி ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். அழுது கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, எனக்காக நீங்க அப்புடிச் சொல்லல. எனக்குத் தெரியும்."

நான் திரும்பவில்லை. "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போ."

"ஒங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா பாக்குறேன்." டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "ரமேஸ் போனதுலருந்து எல்லாரும் என்னையப் பாத்தா பாவம்ங்கிறாங்க. கடைக்குப் போனா பாவம். கோயிலுக்குப் போனா பாவம். புதுசா ஒரு சேல கட்டினா, பாவம், அவளும் ஆசப்படுறாங்கிறாங்க. இங்க வந்திருக்குற அத்தன பேரும் பாவம்னுதான் வந்திருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு நாளும் அப்புடிச் சொன்னதில்ல."

நான் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"காலையில நீங்க பஸ்ஸுக்குப் போறப்ப நிமிந்து ஒரு பார்வ பாப்பீங்கள்ல, வயிறு எரிஞ்சு? அதப் பாத்தாத்தான்க்கா எனக்கும் என்னமோ இருக்குன்னு தோணும். செத்துப் போனவனோட மிச்சம் இல்ல நானுன்னு தோணும். அதுக்காகத்தான் அந்த நேரம் பாத்து கதிரைய இழுத்துப் போட்டு உக்காருறேன். இல்லாட்டி எனக்கு மட்டும் அவ்வளவு வெள்ளன எந்திரிக்க என்ன வேல?"

வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறவள் நான். பாலை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"சீனி காணாது" என்றேன்.

"போட்டுத் தாரேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது சிரித்தாள் என்று நினைக்கிறேன். ஜன்னலில் ஆறு போய்க்கொண்டிருந்தது. நல்ல ஜன்னல். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஜன்னல்.

திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதும் கேட்டது.

"அக்கா, கொட எடுத்தீங்களா?"

பஸ் போனால் போகட்டும் என்று நின்றேன். நிமிர்ந்து, அவிழ்த்துவிட்ட அந்த ஈரத் தலையையும், பிளேன்டீயையும், இரண்டு வீட்டுக்காரியின் அந்த உட்காருகையையும், வயிறு எரிய எரிய, ஒரு குறையும் வைக்காமல் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.